கிறிஸ்தவக் குடும்பமும் உயிலும்

(பொன்விழா ஆண்டுக் குடும்பப் பேரவையில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



பொன்விழா ஆண்டில் குடும்பங்களுக்கு ஓர் உரை நிகழ்த்த வேண்டும் என்று பங்குப் பேரவையினர் கேட்டுக்கொண்டபோது, குடும்பச் செபத்தைப் பற்றியோ பிள்ளைகளின் மறைக்கல்வியைப் பற்றியோ நான் பேசுவேன் என்று அவர்கள் எண்ணியிருக்கலாம். அவற்றைப் பற்றி ஞாயிறுதோறும் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். இன்று உயிலைப் பற்றிப் பேசப் போகிறேன். சாமியாருக்குச் சொத்து விவகாரம் எதற்கு என்று முன் வரிசையில் சிலர் புன்னகை செய்வது தெரிகிறது. காரணம் இருக்கிறது.

நம் தமிழில் பங்கு என்ற ஒரே சொல் ஆலயத்தைச் சுற்றி வாழும் விசுவாசிகளின் சமூகத்தையும் குறிக்கிறது. சொத்தில் ஒருவருக்கு உரிய பாகத்தையும் குறிக்கிறது. இரண்டாவது பங்கு முதலாவது பங்கைப் பிளந்துபோடுவதை என் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலான குருத்துவப் பணியில் நான் சென்ற ஊரிலெல்லாம் கண்டிருக்கிறேன். அண்ணன் முதல் திருப்பலிக்கு வருவார். தம்பி இரண்டாம் திருப்பலிக்கு வருவார். திருவிழா அன்று ஒரே திருப்பலிக்கு வந்தே ஆகவேண்டும் என்று நேர்ந்தால், சமாதானம் பகிர்ந்துகொள்ளும் வேளையில் ஆளுக்கொரு திசையில் திரும்பிக்கொள்வார்கள். விசாரித்தால் தகப்பனார் விட்டுச்சென்ற பத்து சென்ட் விளையும் ஒரு கிணறும் காரணமாக இருக்கும். அந்தத் தகப்பனாரின் ஆன்ம இளைப்பாற்றிக்காக இருவரும் தனித்தனியே திருப்பலிக்குப் பணம் கட்டியிருப்பார்கள்.

லூக்கா நற்செய்தி 12-ஆம் அதிகாரத்தில் கூட்டத்திலிருந்து ஒருவன் ஆண்டவரிடம் வந்து, சொத்தைப் பாகம் பிரித்துத் தரும்படி தன் சகோதரனிடம் சொல்லுமாறு கேட்கிறான். ஆண்டவர் மறுத்துவிடுகிறார். பாகம் பிரிக்கும் நடுவராக இருக்க அவர் சம்மதிக்கவில்லை. அவரே சம்மதிக்காத வேலையை அவருடைய ஊழியனாகிய நான் செய்ய முடியாது என்பதை, அடிக்கடி பத்திரக் கட்டோடு பங்குமனைக்கு வருகிறவர்கள் தயவுசெய்து நினைவில் கொள்ளவேண்டும். ஆனால் அதோடு அவர் நிறுத்திவிடவில்லை. பழைய களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்டத் திட்டமிட்ட செல்வனின் உவமையைத் தொடர்ந்து சொல்கிறார். அந்தச் செல்வனுக்குத் திட்டமிடத் தெரியாமலில்லை. களஞ்சியத்துக்குத் திட்டமிட்டான். சேர்த்ததெல்லாம் தனக்குப் பின் யாருக்குப் போகும் என்ற கேள்விதான் அவனுக்குத் தோன்றவில்லை. அந்தக் கேள்வி அன்று இரவு அவனிடம் கேட்கப்பட்டபோது பதில் சொல்ல நேரமில்லை.

உயில் என்றதும் நம் வீடுகளில் ஒரு பயம் உண்டு. "இப்போதே என்ன அவசரம், அபசகுனமாகப் பேசாதீர்கள்" என்று மனைவி சொல்வாள். "அப்பா, உயில் எழுதுங்கள்" என்று மகன் சொன்னால், எப்போது சாவேன் என்று காத்திருக்கிறான் என ஊரே பேசும். ஆகவே ஒருவரும் வாய் திறப்பதில்லை. அவஸ்தைப்பூசுதல் என்று நாம் அழைத்துவந்த அருட்சாதனத்துக்கும் இதே கதிதான் இருந்தது. குருவானவர் தைலத்தோடு வந்தால் நோயாளி பிழைக்கமாட்டார் என்று அஞ்சி, நினைவு தப்பிய பிறகே ஆள் அனுப்பினார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கம் அதை நோயில்பூசுதல் என்று அழைப்பதே பொருத்தம் என்று சொன்னது. சாகும் தறுவாயில் இருப்பவர்களுக்கு மட்டும் உரியதல்ல என்றும் தெளிவாக்கியது. அந்தப் பயம் இப்போது பெருமளவு நீங்கிவிட்டது. உயிலைப் பற்றிய பயமும் நீங்கவேண்டும். நம் அருட்சகோதரிகளைப் பாருங்கள். நித்திய வார்த்தைப்பாடு கொடுப்பதற்கு முன் நாட்டுச் சட்டப்படியும் செல்லத்தக்க உயில் ஒன்றை எழுதிவைக்க வேண்டும் என்று 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 668-ஆம் விதி அவர்களுக்குக் கட்டளையிடுகிறது. முப்பது வயதுகூட நிரம்பாத சகோதரி உயில் எழுதுகிறாள். அறுபது வயதான நம் குடும்பத் தலைவருக்குத்தான் அவசரமில்லையாம்! என் உயிலும் எழுதியாயிற்று. இரண்டு அலமாரிப் புத்தகங்களும் ஒரு பழைய மோட்டார் சைக்கிளும்தான் அதில் உண்டு, சண்டைக்கு இடமில்லை.

உயில் எழுதாமல் இறந்தால் என்ன நடக்கும்? கிறிஸ்தவர்களாகிய நமக்கு 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். கணவன் இறந்து மனைவியும் பிள்ளைகளும் இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பாகம். மீதி இரண்டு பாகம் பிள்ளைகளுக்குச் சமமாக. மகன் என்றும் மகள் என்றும் வேறுபாடு கிடையாது. மனைவி இறந்தால் கணவனுக்கும் இதே கணக்குதான். 45 சென்ட் நிலமும், மனைவியும், இரண்டு மகன்களும், ஒரு மகளும் இருந்தால் தாய்க்கு 15 சென்ட், பிள்ளைகளுக்கு ஆளுக்குப் பத்து சென்ட். பிள்ளைகளில் ஒருவர் முன்பே இறந்திருந்தால் அவர் பாகம் அவருடைய பிள்ளைகளுக்குப் போகும்.

மகளுக்கும் சமபங்கு என்பது நம் குமரி மாவட்டத்தில் எளிதாக வந்ததல்ல. 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூரைச் சேர்ந்தவர்கள். அங்கே 1916-ஆம் ஆண்டில் வந்த திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டத்தின்படி, மகளுக்கு மகனுடைய பாகத்தில் கால்பாகம் அல்லது 5,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அதுதான். சீதனமாக அதைக் கொடுத்திருந்தால் அதுவும் இல்லை. விதவைக்கு நிலத்தில் ஆயுள்கால அனுபவம் மட்டும். மறுமணம் செய்தால் அதுவும் போய்விடும். கோட்டயத்தைச் சேர்ந்த மேரி ராய் என்ற சிரியன் கிறிஸ்தவப் பெண்மணி இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றார். அந்தப் பழைய சட்டம் 1951 ஏப்ரல் 1 முதலே செல்லாது, இந்திய வாரிசுரிமைச் சட்டமே பொருந்தும் என்று 1986 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. அப்போது கேரளத்தில் எழுந்த கூக்குரலில் சில திருச்சபைக் குரல்களும் இருந்தன என்பதை வெட்கத்தோடு சொல்லத்தான் வேண்டும். செலொபுகாத்தின் ஐந்து புதல்வியர் மோசேயின் முன் வந்து நின்று, தகப்பனுக்கு மகன் இல்லை என்பதற்காக அவருடைய உரிமை எங்களுக்கு ஏன் மறுக்கப்படவேண்டும் என்று கேட்டதையும், அவர்கள் கேட்டது நியாயமே என்று ஆண்டவர் சொன்னதையும் எண்ணிக்கை நூல் 27-ஆம் அதிகாரத்தில் படித்தவர்கள் அந்தக் கூக்குரலில் சேர்ந்திருக்க முடியாது.

அந்தத் தீர்ப்புக்குப் பின் சில தகப்பன்மார் அவசர அவசரமாக உயில் எழுதினார்கள். எதற்கு? மகளுக்கு ஒன்றும் போகாதிருக்க! சட்டம் அதைத் தடுக்காது. நம் சட்டப்படி ஒருவர் தம் சொத்தை யாருக்கு வேண்டுமானாலும் உயிலில் எழுதலாம். சட்டம் தடுக்காததையெல்லாம் மனச்சாட்சி அனுமதித்துவிடுவதில்லை. "அவளுக்கு நகை போட்டுக் கட்டிக்கொடுத்தாயிற்று" என்று சொல்கிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றே. போட்ட நகை இன்று எங்கே? மாப்பிள்ளையின் கடனுக்குப் போயிருக்கும். இல்லையேல் வங்கி லாக்கரில் அடகுச் சீட்டாக இருக்கும். தகப்பனைக் கடைசிக் காலத்தில் குளிப்பாட்டியவள் பெரும்பாலும் அந்த மகள்தான் என்பதை நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டு செல்லும் எனக்குத் தெரியும்.

சட்டமே சமபங்கு கொடுக்கிறதே, பிறகு உயில் எதற்கு என்று கேட்கலாம். சட்டத்துக்கு உறவு தெரியும். வீட்டு நிலைமை தெரியாது.

பிள்ளையில்லாத தம்பதிகளை எடுத்துக்கொள்ளுங்கள். கணவன் இறந்தால் மனைவிக்குப் பாதிதான். மற்றப் பாதி கணவனின் தகப்பனாருக்கு. அவர் இல்லையென்றால் தாய்க்கும் உடன்பிறந்தோருக்கும் சமமாக. நாற்பது ஆண்டுகள் இருவரும் சேர்ந்து வாழை வைத்து, மாடு வளர்த்து, சீட்டுப் பிடித்துக் கட்டிய வீட்டில், அடக்கம் முடிந்த ஏழாம் நாள் மைத்துனன் வந்து அடுக்களையை அளந்து பார்த்ததை நான் முன்பு பணியாற்றிய ஓர் ஊரில் கண்டேன். அவன் சட்டப்படிதான் வந்தான். அந்த அம்மாளின் கணவர் ஒரு வெள்ளைத்தாளில் பத்து வரி எழுதியிருந்தால் அவன் வந்திருக்க முடியாது.

மணமாகாத மகன் ஒருவன் சம்பாதித்துத் தாயைக் காப்பாற்றுகிறான். தகப்பனோ குடும்பத்தை விட்டு எப்போதோ போய்விட்டார். மகன் திடீரென இறந்தால் அவன் சொத்து முழுவதும் அந்தத் தகப்பனுக்கே போகும்; தாய்க்கு ஒன்றுமில்லை. நம்பக் கடினமாக இருக்கும். ஆனால் தகப்பன் உயிரோடிருக்கும்போது தாய் வாரிசல்ல என்பதே இந்தச் சட்டத்தின் ஏற்பாடு. 1865-ஆம் ஆண்டின் பழைய சட்டத்திலிருந்து அப்படியே வந்தது இது. மரத்தில் தொங்கிய வேளையிலும் நம் ஆண்டவர் தம் தாயை அன்புச் சீடரிடம் ஒப்படைத்தார். ஆடையைக்கூடச் சேவகர் பங்குபோட்டுக்கொண்ட நிலையில், விட்டுச்செல்ல ஒன்றுமில்லாதவரும் தாய்க்கு ஏற்பாடு செய்தார். ஒன்றிரண்டு ஏக்கரும் வைப்பு நிதியும் உள்ள நம் பிள்ளைகள் செய்யக்கூடாதா?

மகன் இறந்த பின்னும் மாமியாரை விட்டுப் போகாத மருமகள்கள் நம் பங்கில் உண்டு. ரூத்தின் கதையை நாம் மறையுரைகளில் புகழ்கிறோம். பிள்ளையில்லாத அந்த மருமகள், மாமியார் உயில் எழுதாமல் இறந்தால் வாரிசே அல்ல. குழந்தையில்லாத வீட்டில் தத்துச் சட்டப்படி உத்தரவு எதுவும் பெறாமல், தங்கை பிள்ளையையோ அநாதைப் பிள்ளையையோ எடுத்து வளர்க்கிறார்களே, அந்தப் பிள்ளைக்கும் இதே நிலைதான். ஞானஸ்நானப் பதிவேட்டில் பெயர் எழுதிவிட்டதால் சொத்துரிமை வந்துவிட்டது என்று நினைத்து என்னிடம் சான்றிதழ் கேட்டு வருகிறார்கள். என் சான்றிதழுக்கு அந்த வலிமை கிடையாது. மனவளர்ச்சி குன்றிய பிள்ளையுள்ள பெற்றோர் இன்னும் அதிகமாக யோசிக்கவேண்டும். பங்கு கிடைத்தாலும் அதை ஆள அந்தப் பிள்ளையால் முடியாது. தங்களுக்குப் பின் யார் காப்பாளர், எந்த வருமானத்திலிருந்து செலவு என்பதை எழுதிவைப்பது அவர்களுக்குக் கட்டாயக் கடமை என்றே சொல்வேன்.

இனி நம் வளைகுடாப் பிள்ளைகளைப் பற்றி. இந்த மண்டபத்தில் பாதிப் பேருக்கு இது பொருந்தும். மகன் துபாயிலோ குவைத்திலோ பதினைந்து ஆண்டுகள் வெயிலில் நின்று பணம் அனுப்புகிறான். ஊரில் தகப்பனாரின் நிலத்தில் மாடி வீடு எழும்புகிறது. பட்டா தகப்பனார் பெயரில், மின் இணைப்பு தகப்பனார் பெயரில், வரி ரசீது தகப்பனார் பெயரில். "அது பெரியவன் கட்டின வீடு" என்று ஊரெல்லாம் சொல்லும். பத்திரம் அப்படிச் சொல்லாது. தகப்பனார் கண்ணை மூடினால் அந்த வீடும் அவர் சொத்தாகவே கணக்காகி, எல்லாப் பிள்ளைகளுக்கும் பாகம் விழும். பணம் நான் அனுப்பினேன் என்று நிரூபிக்க அவன் விடுமுறை நாட்களை நீதிமன்ற வாசலில் கழிக்கவேண்டும். தம்பி தங்கையர் பேராசைக்காரர் என்று சொல்லிவிடவும் முடியாது. அவர்களுக்கும் பிள்ளை குட்டிகள், கடன்கள். உயிரோடிருக்கும்போதே தகப்பனார் எல்லாரையும் அழைத்து உட்காரவைத்து, வீடு யார் பணத்தில் எழுந்தது, அதற்கு ஈடாக மற்றவர்களுக்கு எது என்று பேசி எழுதியிருந்தால், அண்ணன் தம்பி உறவு கெட்டிருக்காது.

வங்கியில் நாமினி போட்டிருக்கிறேனே என்பார்கள். நாமினி என்பவர் பணத்தை வங்கியிடமிருந்து வாங்கும் உரிமை பெற்றவர். வாங்கிய பணம் வாரிசுகளுக்கே உரியது என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் வங்கிக் கணக்கைப் பற்றித் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஆயுள் காப்பீட்டில் மட்டும், பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் ஆகியோர் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே சொந்தம் என்று 2015-இல் சட்டம் திருத்தப்பட்டது. எந்த வங்கியில் என்ன இருக்கிறது என்பதையே மனைவியிடம் சொல்லாத கணவர்கள் வேறு இருக்கிறார்கள். பத்தாண்டுகள் ஒருவரும் கேட்காத வைப்புப் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்கு மாற்றப்பட்டுவிடும். உரியவர்கள் பின்னரும் கேட்டுப் பெறலாம், ஆனால் கணக்கு இருப்பது தெரிந்தால்தானே கேட்பார்கள்!

எழுதும் முறை கடினமானதல்ல. முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். பதினெட்டு வயது நிறைந்து தெளிந்த மனநிலையில் இருப்பவர் எவரும் எழுதலாம். எழுதியவர் கையெழுத்தோ கைநாட்டோ இடவேண்டும். குறைந்தது இரண்டு சாட்சிகள் அதைக் கண்டு, அவர் முன்னிலையில் கையெழுத்திடவேண்டும். சொத்து பெறுகிறவரும், அவருடைய கணவனோ மனைவியோ சாட்சியாக இருக்கக்கூடாது. இருந்தால் உயில் நிற்கும், ஆனால் அவருக்கு எழுதியது செல்லாமல் போகும். "வீட்டுக்குள்ளேயே முடித்துக்கொள்வோம்" என்று மூத்த மருமகனைச் சாட்சியாகப் போட்டு, மூத்த மகளின் பங்கைத் தாங்களே அழித்துவிடாதீர்கள். வழக்கு வந்தால் சாட்சி ஒருவராவது நீதிமன்றத்தில் நின்று சொல்லவேண்டும். ஆகையால் உங்களைவிட வயதில் இளையவர்களாகப் பாருங்கள். நோயில் படுத்திருப்பவராயின் சிகிச்சை செய்யும் மருத்துவர் ஒருவர் சாட்சியாக இருப்பது நல்லது. மூச்சு வாங்கும் நேரத்தில் கட்டைவிரலைப் பிடித்து மையில் தோய்த்து வைக்கும் உயில்கள் குடும்பத்தைக் காப்பாற்றியதை நான் கண்டதில்லை. வற்புறுத்தியோ ஏமாற்றியோ பெற்ற உயில் செல்லாது.

பதிவு செய்வது கட்டாயமில்லை. ஆனால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தால் தொலைந்துபோகும் அச்சமில்லை. மூடிய உறையில் மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைத்து வைக்கவும் வழியுண்டு. புரோபேட் என்னும் நீதிமன்றச் சான்று பெற்றாக வேண்டும் என்ற கட்டாயம் இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 2002-ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு நீங்கிவிட்டது. எழுதிய உயிலை உயிரோடிருக்கும்வரை எத்தனை முறையும் மாற்றலாம். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். உயில் எழுதியவர் பின்னர் திருமணம் செய்தால் பழைய உயில் தானாகவே ரத்தாகிவிடும். மனைவியை இழந்து மறுமணம் செய்கிறவர்கள் திருமண ஓலை எழுத என்னிடம் வரும்போது இதையும் கேட்டுக்கொள்ளட்டும்.

உயிலைவிட செட்டில்மெண்ட் எழுதிக்கொடுத்துவிடலாமே, இப்போதே அவர்கள் பெயருக்கு மாறிவிடுமே என்று பிள்ளைகள் சிலர் சொல்வார்கள். அவசரப்படாதீர்கள். சீராக்கின் ஞானநூல் 33-ஆம் அதிகாரம் இதைப் பற்றியே பேசுகிறது. மூச்சு இருக்கும்வரை மகனானாலும் மனைவியானாலும் உன்மேல் அதிகாரம் செலுத்த இடங்கொடாதே என்றும், சொத்தைப் பகிர்ந்தளிப்பது வாழ்நாளின் முடிவில் என்றும் அந்த ஞானி அறிவுறுத்துகிறார். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எருசலேமில் இந்தக் கண்ணீர் இருந்திருக்கிறது! உயில் நீங்கள் இறந்த பின்னரே நடைமுறைக்கு வரும். செட்டில்மெண்ட் எழுதிய அன்றே கைவிட்டுப் போகும். எழுதித்தான் ஆகவேண்டும் என்றால், ஆயுள்காலம் முழுவதும் வீட்டில் வசிக்கும் உரிமையையும், எழுதி வாங்குகிறவர் உங்களைப் பராமரிக்கவேண்டும் என்ற நிபந்தனையையும் பத்திரத்திலேயே சேருங்கள். அந்த நிபந்தனை மீறப்பட்டால் 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின்படி கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் முறையிட்டு அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம்.

கடைசியாக ஆலயத்துக்கு எழுதுவதைப் பற்றி. நெருங்கிய உறவினர் உள்ள கிறிஸ்தவர் அறப்பணிக்கோ ஆலயத்துக்கோ உயிலில் எழுதினால், இறப்பதற்குப் பன்னிரண்டு மாதங்களுக்கு முன்பே எழுதியிருக்க வேண்டும் என்ற ஒரு தடை நம் சட்டத்தின் 118-ஆம் பிரிவில் இருந்தது. கேரளத்தைச் சேர்ந்த ஜான் வல்லமட்டம் என்ற குருவானவர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை 2003-இல் நீக்கிவிட்டது. ஆகவே இன்று தடையில்லை. தடையில்லை என்பதால் எல்லாரும் எழுதுங்கள் என்று நான் சொல்லவரவில்லை. பெற்றோருக்குக் கொடுக்கவேண்டியதைக் கொர்பான் என்று காணிக்கையாக்கிவிட்டுக் கைகழுவிக்கொண்டவர்களை ஆண்டவர் கடிந்துகொண்டார். மனைவிக்குக் கூரை இருக்கிறதா, நோயாளிப் பிள்ளைக்கு ஏற்பாடு உண்டா, வாங்கிய கடன் தீர்ந்ததா என்று பாருங்கள். அதன் பிறகு மனம் இருந்தால் ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கோ, அனாதை இல்லத்துக்கோ, நம் ஆலயத்துக்கோ ஒரு பகுதி எழுதலாம். ஒரு விதவையின் கண்ணீர் விழுந்த நிலத்தில் நம் ஆலயத்துக்குக் கொடிமரம் வேண்டாம்.

வருகின்ற மூன்று ஞாயிறுகளிலும் இரண்டாம் திருப்பலிக்குப் பின் நம் பங்கைச் சேர்ந்த வழக்கறிஞர்கள் இருவர் பங்குமனைக் கூடத்தில் இருப்பார்கள். கட்டணம் இல்லை. மூலப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வங்கிப் புத்தகங்கள் ஆகியவற்றின் நகல்களைக் கொண்டுவாருங்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து வாருங்கள். மனைவி பெயரில் நிலம் இருந்தால் மனைவியும் தனியாக ஓர் உயில் எழுதவேண்டும். சாட்சிக் கையெழுத்துக்கு ஆள் கிடைக்காதவர்கள் என்னைக் கேட்கலாம், மகிழ்ச்சியோடு போடுகிறேன். ஆலயத்துக்கு ஏதேனும் எழுதியிருக்கும் உயிலில் மட்டும் நான் கையெழுத்துப் போடமாட்டேன். அதற்கு வேறு சாட்சிகளைத் தேடிக்கொள்ளுங்கள்.